விவாகரத்தின் விலாசம்

1940-ல் நுன்சியோ மலசோம்மா இயக்கிய இத்தாலியப் படமொன்றின் தலைப்பு: 'பிறகு விவாகரத்து செய்துகொள்வோம்'. காதல் நகைச்சுவைப் படம். அன்றைய இத்தாலியில் விவாகரத்துச் சட்டமே கிடையாது. 1929-ல் முசோலினி வாட்டிகனுடன் செய்துகொண்ட உடன்படிக்கை, சர்ச் திருமணத்துக்குச் சட்டத்தின் பலத்தையும் கொடுத்துவிட்டிருந்தது. பாசிஸத் தணிக்கையின் கீழ் இப்படியொரு தலைப்பு எப்படிச் சாத்தியமாயிற்று? கதை நியூயார்க்கில் நடக்கிறது. அவ்வளவுதான்.

'வெள்ளை டெலிபோன்' படங்கள் என்று பின்னால் கேலியாக அழைக்கப்பட்டவற்றின் உபாயம் இது. சபலமும் மணமுறிவும் புடாபெஸ்டில் நிகழலாம், ரோமில் நிகழக்கூடாது. தணிக்கை என்றதும் நமக்குக் கத்தரிக்கோல்தான் ஞாபகம் வருகிறது. இங்கு வெட்டுக்கு அவசியமே இல்லை. விலாசம் மாறினால் போதும்.

ஆனால் இல்லாத சட்டத்தை அயலூரிலிருந்து இரவல் வாங்கியாவது ஏன் கொண்டுவர வேண்டும்? ஹாலிவுட்டில் லியோ மெக்கேரி 1937-ல் எடுத்த 'தி ஆஃபுல் ட்ரூத்' இதற்குப் பதில் சொல்கிறது. அதில் கணவனும் மனைவியும் விவாகரத்து அமலாகும் நள்ளிரவுக்குச் சற்றுமுன் மீண்டும் சேர்கிறார்கள். போய்விட முடியும் என்பதால்தான் திரும்பி வருவது காதலாகிறது. கதவே இல்லாத வீட்டில் தங்கியிருப்பதை யாரும் காதல் என்று சொல்வதில்லை. மலசோம்மாவின் படம் நியூயார்க்கிலிருந்து கடன் வாங்கியது இந்தக் கதவைத்தான்.

இதைக் கலகம் என்று கொண்டாட எனக்குச் சம்மதமில்லை. தணிக்கைக்குத் தப்பியதையே கலையின் தகுதியாகக் கொள்ளும் பழக்கம் நம்மிடையே வலுத்துவருகிறது. தப்பிப்பது வேறு, எதிர்கொள்வது வேறு. இரவல் கதவு, படம் முடிந்ததும் செட்டோடு பிரிக்கப்பட்டுவிடும். பார்த்தவன் சிரித்துவிட்டுத் தன் கதவில்லாத வீட்டுக்குத் திரும்பினான். அரசுக்கு அதில் நஷ்டமில்லை.

1961-ல் பியெத்ரோ ஜெர்மி 'இத்தாலிய பாணி விவாகரத்து' எடுத்தபோதுதான் விஷயம் சொந்த ஊருக்கு வந்தது. சிசிலியின் பிரபு ஒருவன் மனைவியைக் கழித்துக்கட்ட ஒரே வழி கொலை. மானத்தின் பேரில் நடந்த கொலைக்குச் சட்டத்தின் 587-ஆம் பிரிவு மூன்றிலிருந்து ஏழு ஆண்டுகளே தண்டனை வைத்திருந்தது. அவன் அதைக் கணக்குப் போடுகிறான், நாம் சிரிக்கிறோம். சிரித்தபின் அது தொண்டையில் நிற்கிறது.

1970-ல் விவாகரத்துச் சட்டம் வந்தது. 1974 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 சதவீதத்தினர் அதைக் காத்தனர். 587-ஆம் பிரிவு ஒழிய 1981 ஆயிற்று. இவற்றை ஒரு படம் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜெர்மியின் படத்தில் இத்தாலியன் தன் வீட்டைப் பார்த்தான். மலசோம்மாவின் படத்தில் அவன் பார்த்தது அயலூரைத்தான்.