இன்னும் இறுகாத மெழுகு

இணையக் கடையில் பீட்டா எனும் சோதனை முத்திரையோடு கிடக்கும் ஒலிப் பிளகின்களுக்குத் தனி அழகு உண்டு. மோட் போன்ற பெடல் கருவிகளுக்கான கடையில், யாரோ ஓர் ஆர்வலர் ஓய்வு நேரத்தில் எழுதிய எதிரொலியும் தேர்ந்த நிறுவனச் சரக்கும் அக்கம்பக்கமாக நிற்கும். மைசூரில் வீணைக்கு மேளம் கட்டுபவர், கரி கலந்த மெழுகு இறுகுமுன் 24 மெட்டுகளையும் நகர்த்தி நகர்த்தி ஸ்வரம் பார்ப்பார். பீட்டாவும் அந்த இளகிய பதம்தான். இந்தப் பிளகின்கள் எழுதப்படும் எல்வி2 முறையில் அதைப் பதிப்பெண்ணே சொல்லிவிடும். எண்ணின் இரு பகுதிகளில் ஒன்று ஒற்றைப்படையானாலும் பிளகின் இன்னும் பட்டறையில் இருக்கிறது என்று பொருள். முதல் பகுதி 0 என்றால் வெள்ளோட்டம்.

சோதிப்பவரின் காதுதான் இங்கே உளி. வினாடிக்கு 48,000 மாதிரிகள், கட்டுக்கு 128 என்று வைத்தால், ஒவ்வொரு கட்டின் கணக்கும் சுமார் 2.7 மில்லி வினாடிக்குள் முடிய வேண்டும். பிந்தினால் ‘டக்’கென்று ஒரு வெடிப்பு. வில்லங்கம் பல நேரம் ஒலி ஓயும் இடத்தில்தான் ஒளிந்திருக்கும். வீணையின் கமகம் அடங்கி எதிரொலி தேயத் தேய எண்கள் மிக நுண்ணியவையாகி, சில செயலிகள் மௌனத்தைக் கணக்கிடவே திணறும். அதைப் பிடிக்க, எதிரொலியின் வால் முழுதும் கேட்கும் பொறுமை வேண்டும். பிளகினின் குமிழ்களுக்கு வைக்கும் உள்பெயரிலும் அதே நிதானம் தேவை. அதை மாற்றினால் யாரோ சேமித்து வைத்த கச்சேரி அமைப்பு குலைந்துபோகும். மாற்றியே ஆகவேண்டுமென்றால் பிளகினுக்குப் புது அடையாளம் தந்து, பழையதையும் கடையில் விட்டுவைப்பதே நல்ல வழக்கம்.