ஆண்டுக்கொரு புல்பாலம்

பெருவின் குஸ்கோ வட்டாரத்தில் அபூரிமாக் ஆற்றின் மேல் தொங்கும் கெஸ்வாசாக்கா பாலம் முழுக்கப் புல்லால் ஆனது. ஏறத்தாழ 28 மீட்டர் நீளம். இன்காப் பேரரசின் காலத்து முறை. ஆண்டுதோறும் ஜூனில், கெச்சுவா மொழி பேசும் நான்கு ஊர்க்காரர்கள் பழையதை அறுத்து ஆற்றில் விட்டுப் புதியதைக் கட்டுகிறார்கள். 2013இல் யுனெஸ்கோ இவ்வழக்கத்தைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வியக்கத்தக்கதுதான். ஆனால் வியப்போடு நின்றுவிட்டால் இதன் விலை கண்ணில் படாது.

முதலில் கயிற்றின் சூட்சுமம். கோயா என்ற மலைப்புல்லை ஊறவைத்து, கல்லால் தட்டிப் பதப்படுத்துகிறார்கள். தனித்தாள் கையால் இழுத்தாலே அறுந்துவிடும். முறுக்கும்போது தாள்கள் ஒன்றையொன்று கவ்வுகின்றன. இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது. ஒரு பக்கமாக முறுக்கிய புரிகளை எதிர்ப்பக்கமாகச் சேர்த்துத் திரிப்பதால் முறுக்கு அவிழ்வதில்லை. அக்கயிறுகளைப் பின்னினால் தேர்வடம்போல் பெருவடம் கிடைக்கும். தரைக்கு நான்கு வடம், கைப்பிடிக்கு இரண்டு. இரும்புக் கருவியே அறியாத ஒரு பேரரசு இந்த அறிவைக்கொண்டு மலைச்சாலைகளை இணைத்தது.

புல் தொய்யும், காற்றில் ஆடும், மட்கும். மட்குவதை நான் குறையாக எண்ணவில்லை. ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருப்பதால்தான் கைத்திறன் இளையவர்களிடம் போய்ச் சேர்கிறது. ஆனால் ஓராண்டு தவறினாலும் இந்தத் தொழில்நுட்பம் பொறுக்காது. கொரோனாவால் 2020இல் புதுப்பிப்பு நடக்கவில்லை. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. ஆளும் புல்லும் திறனும் ஊரில் இருந்ததால் அதே ஆண்டு ஜூனில் மீண்டும் கட்ட முடிந்தது. பிழைப்புக்காக இளையோர் நகரத்துக்குப் போய்விட்டால் இதில் எது மிஞ்சும்?

அருகிலேயே இரும்புப் பாலம் உண்டு. வண்டிகள் அதில்தான் போகின்றன. ஆகவே இன்று புல்பாலம் கட்டுவது ஊரின் விருப்பம். இன்கா ஆட்சியிலோ அது சுற்றுவட்டார ஊர்கள்மீது அரசு சுமத்திய கட்டாய உழைப்பு. கூட்டுழைப்பைப் போற்றிப் பேசுவோர் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

என்னை மிகவும் உறுத்துவது இன்னொன்று. சிறுகயிறுகளைத் திரிப்பதில் பெரும்பங்கு பெண்களுடையது. ஆனால் பாலம் கட்டும் இடத்தை அவர்கள் நெருங்கக் கூடாது என்பது மரபு. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வழக்கத்துக்கு இந்த விலக்கை மாற்றும் வாய்ப்பும் ஆண்டுதோறும் வருகிறது. அதை அந்த ஊர்கள் பயன்படுத்த வேண்டும் என்றே விரும்புகிறேன்.