நாவூறு கழிக்கும் கை

காரைநகர்க் குசினிகளில் நாவூறு கழிக்கும் ஆச்சிமாரின் கையை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். செத்தல் மிளகாய், கல்லுப்பு, ஒரு கொத்து வேப்பிலை, இவ்வளவுதான் சாமான். கடற்காற்றில் சற்றே ஈரித்த உப்பு உள்ளங்கையில் ஒட்டும். காய்ந்த செத்தலுக்குள் விதைகள் கிலுகிலுக்கும். பொத்திய கை பிள்ளையின் தலையைச் சுற்றி, தோள், நெஞ்சு, கால் என்று ஆறுதலாக இறங்கும். உதடு அசையும், சொல் வெளியே கேளாது. "மூண்டு தரம் துப்பு, ராசா" என்பது மட்டும் தெளிவாக வரும். பிறகு எல்லாம் அடுப்புக்குள். உப்பு படபடவென்று வெடிக்கும், செத்தல் கருகும். நெடியே எழாவிட்டால் நாவூறு பொல்லாதது என்பார்கள்.

அந்தக் கையைப் பார்க்கும்போது இரண்டு சர்ரியலிச ஓவியர்கள் நினைவுக்கு வருவார்கள். லியொனோரா கரிங்டனும் ரெமேடியோஸ் வாரோவும் மெக்சிகோ நகரில் தோழிகளாக வாழ்ந்தபோது சமையலையும் இரசவாதத்தையும் ஒன்றாகவே பார்த்தார்கள். வாரோ 1957இல் வரைந்த 'பறவைகளின் படைப்பு' ஓவியத்தில் ஆந்தை உருவப் பெண்ணொருத்தி மேசை முன் அமர்ந்து பறவைகளை வரைகிறாள். அவை உயிர்பெற்றுப் பறக்கின்றன. அவளிடமுள்ள அமைதியான கவனம் ஆச்சியிடமும் உண்டு. காய்ச்சலென்றால் வைத்தியரிடம்தான் போகவேண்டும். ஆனால் சிணுங்கிய பிள்ளை அந்தக் கைச்சுற்றுக்குள் அடங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் முழு மனதையும் கொடுப்பது பெரிய கலை. உங்கள் வீட்டிலும் ஆச்சி இருந்தால், அடுத்த தரம் பக்கத்தில் நின்று பாருங்கள்.