மேரி கட்டடம் ரெடி, மன்றம் எங்கே?

2021 பிப்ரவரி 25 அன்று புதுச்சேரியில் இரண்டு விஷயங்கள் நடந்தன. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டி, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த மேரி கட்டடம் பழைய வடிவத்திலேயே மறுபடி கட்டப்பட்டிருந்தது. பிரதமர் அதைத் திறந்து வைத்தார். அதே நாளில், நாராயணசாமி அரசு கவிழ்ந்ததைத் தொடர்ந்து இங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி அமலானது. பெரிய செய்தி இரண்டாவதுதான். ஆனால் இந்தக் கட்டுரை முதலாவதைப் பற்றியது.

'மேரி' என்று நாம் சொல்வது பிரெஞ்சில் மேயரின் அலுவலகம், அதாவது நகர மன்றம் கூடும் இடம். கட்டடம் திரும்ப வந்துவிட்டது. கூடுவதற்கு மன்றம் இல்லை. 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு இதை எழுதும்வரை புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. 2006க்கு முந்தைய தேர்தல் எப்போது தெரியுமா? 1968. நடுவில் 38 வருஷம்.

இந்த இடைவெளிக்குள்தான் கொரோனா வந்தது.

இரண்டு பேர் சண்டை என்ற கதை

கொரோனா காலத்துப் புதுச்சேரி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கவர்னருக்கும் முதல்வருக்கும் நடந்த சண்டைதான். கிரண் பேடி ஒரு பக்கம், நாராயணசாமி ஒரு பக்கம். ரேஷனில் அரிசி தருவதா, வங்கிக் கணக்கில் பணம் போடுவதா என்ற தகராறு கொரோனாவுக்கு முன்பே தொடங்கியது. தொற்று வந்த பிறகும் அது ஓயவில்லை. 2020-21 நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கிவிட்டது. முழு பட்ஜெட் தாக்கலானது ஜூலை 20இல், 9,000 கோடி ரூபாய்க்கு. அந்த வாரமே ஒரு எம்.எல்.ஏ.வுக்குத் தொற்று உறுதியானது. அதனால் ஜூலை 25 அன்று சட்டமன்றம் வளாகத்தில் இருந்த வேப்பமரத்தடியில் கூடியது. அந்தப் படங்கள் நாடு முழுக்கச் சுற்றின.

அடுத்த வருஷம் இன்னும் விசேஷம். அரசு கவிழ்ந்ததால் 2021 மார்ச்சில் புதுச்சேரியின் இடைக்காலச் செலவுக்கு டெல்லியில் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. புது அரசு வந்து 9,924 கோடிக்கு முழு பட்ஜெட் போட்டபோது நிதியாண்டில் பல மாதங்கள் ஓடிவிட்டன.

இதெல்லாம் உண்மை. ஆனால் இந்தக் கதையில் ஒரு குறை இருக்கிறது. பிரச்சினையே இரண்டு அதிகார மையங்கள்தான், ஒன்று வழிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இது நம்மை நம்ப வைக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. ராஜ் நிவாஸும் சட்டமன்றமும் ஒற்றுமையாகவே இருந்திருந்தாலும், தெருவுக்கு மிக அருகில் இருக்க வேண்டிய மூன்றாவது மையம் காலியாகவே இருந்திருக்கும். அது காலி என்பதே நமக்குப் பழகிவிட்டதால், யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மன்றம் இருந்திருந்தால் என்ன செய்திருக்கும்?

நியாயமான கேள்வி. மருத்துவமனை நகராட்சியின் கையில் இல்லை, சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. இங்கே குடிநீர்கூட பொதுப்பணித் துறையின் வேலை. நகராட்சி மன்றம் இருந்திருந்தால் தொற்று குறைந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது.

ஆனால் தொற்றின் இன்னொரு பாதி பொருளாதாரம். அது பெரும்பாலும் நகராட்சி விஷயம். மார்க்கெட், தெருவோரக் கடை, குப்பை, சுடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவு, கடை வாடகை, சொத்து வரி என்று எடுத்துப் பாருங்கள். ஒரு ஊர் முடங்கி மறுபடி எழுந்திருக்கும்போது முதலில் முடிவெடுக்க வேண்டியவை இவைதான். அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணை நகராட்சிகளுக்கு என்று வரிசைப்படுத்தும் 18 பணிகளில் பொது சுகாதாரமும் துப்புரவும் இடுகாடு சுடுகாடும் இருக்கின்றன.

ஒரே ஒரு உதாரணம். 2020 ஊரடங்கில் பெரிய மார்க்கெட்டின் காய்கறிக் கடைகள் புதிய பஸ் ஸ்டாண்டுக்கு மாற்றப்பட்டன. கூட்டத்தைக் குறைக்க அது தேவையான முடிவுதான். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து வரும் கேள்விகளைப் பாருங்கள். எந்தக் கடைக்கு எந்த இடம்? மூடிக்கிடந்த கடைக்கு வாடகை உண்டா? மீன் விற்கும் அம்மா எங்கே உட்காருவார்? தலையில் கூடை வைத்து விற்பவர், வாடகை ரசீதே இல்லாதவர், அவர் கணக்கில் வருவாரா? ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு பதில் கொடுக்கப்பட்டிருக்கும். அதைக் கொடுத்தவர் அதிகாரி. கேட்பதற்கு வார்டு உறுப்பினர் இல்லை. ஏன் இப்படி என்று விவாதம் நடந்த கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாததால் மன்றக் குறிப்பும் இல்லை.

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். எங்கள் வேலையில் ஒரு எளிய வழக்கம் உண்டு: கோடு எழுதியவரே அதைச் சரிபார்த்து ஒப்புதல் தரக்கூடாது. எழுதியவர் கெட்டவர் என்பதால் இல்லை. தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான். இங்கே நகராட்சி பட்ஜெட்டைத் தயாரிப்பது நிர்வாகம். அதைக் கேள்வி கேட்டு நிறைவேற்ற வேண்டியது மன்றம். மன்றம் இல்லாதபோது அதன் அதிகாரமும் சிறப்பு அலுவலர் என்ற பெயரில் அதே நிர்வாகத்திடம் போய்விடுகிறது. முன்மொழிவதும் வழிமொழிவதும் ஒரே மேசை. அந்த நாற்காலியில் எவ்வளவு நேர்மையான அதிகாரி உட்கார்ந்தாலும் இந்த அமைப்பில் உள்ள ஓட்டை அடைபடாது.

வராமல் போன பணம்

பணக் கணக்கும் இருக்கிறது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை நாடு முழுவதும் உள்ளாட்சிகளுக்காக 4,36,361 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. கொரோனா பாடத்தை வைத்து, அதில் 70,051 கோடியை உள்ளாட்சிகள் வழியாக ஆரம்ப சுகாதாரத்துக்கு என்றே ஒதுக்கியது. ஆனால் அது மாநிலங்களுக்கான ஏற்பாடு. யூனியன் பிரதேசமான புதுச்சேரி நிதிக்குழுவின் வரம்புக்குள்ளேயே வராது. மாநிலத்துக்கு உரிய பங்கும் இல்லை, டெல்லி முழுக்கப் பார்த்துக்கொள்ளும் பிரதேசமும் இல்லை.

இந்த அநியாயத்தை எல்லாக் கட்சியும் பேசுகிறது. பேச வேண்டியதுதான். ஆனால் "எங்களை நிதிக்குழுவில் சேருங்கள்" என்று டெல்லியிடம் கேட்கும்போது, "உங்கள் உள்ளாட்சிகளை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்?" என்று டெல்லி திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் உண்டா? மேலே இருப்பவர் நமக்கு அதிகாரம் தரவில்லை என்ற புகார் நியாயம். நாம் கீழே தரவில்லை என்பதும் அதே புகார்தான்.

மாஹேயின் எல்லைக்கோடு

ஒப்பிட வெகுதூரம் போக வேண்டாம். புதுச்சேரியின் ஒரு துண்டான மாஹே கேரளத்துக்குள் இருக்கிறது. யூனியன் பிரதேசத்தின் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச்சில் பதிவானதும் அங்கேதான். எல்லையைத் தாண்டினால் கேரளப் பஞ்சாயத்து. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு உறுப்பினர் இருந்தார். உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ பெண்களும் சேர்ந்து சமுதாய சமையற்கூடம் நடத்தினார்கள். 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்திலிருந்தே திட்ட நிதியில் கணிசமான பங்கைச் செலவு செய்து பழகிய அமைப்பு அது. தொற்றுக்கு நடுவிலேயே, 2020 டிசம்பரில், கேரளம் உள்ளாட்சித் தேர்தலையும் நடத்தி முடித்தது.

கேரளத்தில் தொற்று குறைவு என்று வாதாட வரவில்லை. பின்னால் அங்கேயும் எண்ணிக்கை ஏறியது. நான் சொல்வது வேறு. ஒரே மழை, ஒரே மொழி, அடுத்தடுத்த தெரு. ஒரு வீட்டுக்காரருக்குக் கேட்க ஒரு ஆள் இருந்தார், பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை.

தமிழ்நாட்டை உதாரணமாகக் காட்ட முடியாது. அங்கேயும் 2016 முதல் 2022 பிப்ரவரி வரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் மன்றம் இல்லை, கொரோனா காலம் முழுக்க அதிகாரிகள் ஆட்சிதான். ஆனால் அவர்கள் ஆறு வருஷத்தில் முடித்தார்கள். நாம் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

"எம்.எல்.ஏ. இருக்கிறாரே!"

எதிர்வாதங்களில் பலமானது இதுதான். புதுச்சேரியில் சுமார் 10 லட்சம் வாக்காளர்களுக்கு 30 தொகுதி. ஒரு எம்.எல்.ஏ.வுக்குச் சராசரியாக 33,000 வாக்காளர். சென்னை மாநகராட்சியில் 200 வார்டு, 2022 தேர்தலில் 61 லட்சம் வாக்காளர். அதாவது சென்னையில் ஒரு கவுன்சிலரின் வார்டும் இங்கே ஒரு எம்.எல்.ஏ.வின் தொகுதியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நம்ம ஊரில் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் காலையில் போய் நின்றால் ஆளைப் பார்க்கலாம். அப்புறம் கவுன்சிலர் எதற்கு?

எனக்குத் தெரிந்து பதில் இரண்டு. முதலாவது, நகராட்சியின் பட்ஜெட் சட்டமன்றத்தில் வரி வரியாக ஓட்டுக்கு வருவதில்லை. அங்கே அது உள்ளாட்சித் துறை மானியத்துக்குள் ஒரு பகுதி, அவ்வளவுதான். தவிர, சட்டமன்றத்தின் 30 பேரில் 5 பேர் காரைக்கால், ஒருவர் மாஹே, ஒருவர் ஏனாம். புதுச்சேரி நகரத்தின் கணக்கை மட்டும் எடுத்து வைத்துப் பேசும் சபை எதுவும் இன்று கிடையாது.

இரண்டாவது, எம்.எல்.ஏ. வாசலில் கிடைப்பது உதவி. மன்றத்தில் கிடைக்க வேண்டியது உரிமை. என் தெருவுக்கு விளக்கு வந்தது, உன் தெருவுக்கு வரவில்லை, ஏன் என்பதற்கு வாசலில் பதில் கிடைக்காது. இதில் கட்சி வித்தியாசமும் இல்லை. தொகுதியில் தனக்குப் போட்டியாக நாலு கவுன்சிலர் முளைப்பதை எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வும் அவசரமாக விரும்ப மாட்டார். தேர்தல் தள்ளிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

2021இல் தேர்தல் கிட்டத்தட்ட வந்தேவிட்டது. 1,149 பதவிகளுக்கு, மூன்று கட்டமாக. வார்டு ஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்கு. தேதி மாறியது. பிறகு பிற்படுத்தப்பட்டோர், பழங்குடியினர் இட ஒதுக்கீடு ரத்தானதை எதிர்த்துப் போராட்டம், பந்த், மறுபடி வழக்கு. தேர்தல் நின்றது. இட ஒதுக்கீடு கேட்டவர்கள் தப்பு செய்யவில்லை. உச்ச நீதிமன்றம் அந்த வருஷம் மார்ச்சில் மகாராஷ்டிர வழக்கில் சொன்னபடி, உள்ளாட்சியில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு ஆணையமும் புள்ளிவிவரமும் வேண்டும். அந்தக் கணக்கை எடுத்து வைக்க 2011க்குப் பிறகு பத்து வருஷம் இருந்தது. வீட்டுப்பாடம் செய்யாமல் பரீட்சைக்குப் போனால் பரீட்சைதான் நிற்கும்.

இந்த ஊருக்கு இது புதிதில்லை

பிரெஞ்சு இந்தியாவில் நகராட்சிகள் 1880 ஆணையின் மூலம் வந்தன. அந்தக் காலத்துத் தேர்தல் ஒன்றும் பொற்காலம் இல்லை. ஐரோப்பியர்களுக்குத் தனி வாக்காளர் பட்டியல், தேர்தல் என்றால் அடிதடி. ஆனாலும் ஊர்க்காரர்கள் கூடி ஊர்க் கணக்கைப் பேசும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

1954 அக்டோபர் 18 கீழூரை நினைத்துப் பாருங்கள். இந்தியாவுடன் சேர்வதா வேண்டாமா என்று அங்கே ஓட்டுப் போட்ட 178 பேர் யார்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் கொம்யூன்களின் நகராட்சி உறுப்பினர்களும். 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு நாட்டோடு இணையும் முடிவை எடுக்கத் தகுதி உள்ளவர்கள் என்று வார்டு உறுப்பினர்களை அன்று நம்பினோம். இன்று மார்க்கெட் வாடகையைத் தீர்மானிக்கக்கூட அப்படி ஒருவர் நமக்கு இல்லை.

தேர்தல் நம் கையில் இல்லை. ஆனால் அதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு பொது அலுவலகமும் தன் பட்ஜெட்டையும் செலவையும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும். புதுச்சேரி, உழவர்கரை இரண்டு நகராட்சிகளுக்கும் 2019-20 முதல் 2022-23 வரையிலான நான்கு வருஷ வரவு செலவை வார்டு வாரியாகக் கேட்டு மனு போடலாம். மார்க்கெட் வாடகையில் எவ்வளவு வர வேண்டியிருந்தது, எவ்வளவு வந்தது, எவ்வளவு தள்ளுபடி, யார் கையெழுத்தில் என்று நாலே கேள்வி போதும். மனுவுக்குப் பத்து ரூபாய். உங்களில் யாராவது உங்கள் பகுதிக்குப் போட்டு, வந்த பதிலை அனுப்பினால், எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு இங்கே வெளியிடுகிறேன். என்றாவது ஒரு மன்றம் கூடும்போது அதன் முதல் கூட்டத்துக்கு அந்தக் கணக்காவது தயாராக இருக்கட்டும்.