துடைக்கத் தெரிந்த கை

மும்பை கிங்ஸ் சர்க்கிள் மழைக்காலத்தில் பீரோச் சாவிகூடத் துருவேறும். அப்படிப்பட்ட கடலோர ஈரத்தில் பழைய ராணுவக் கைத்துப்பாக்கி ஒன்று பிழைத்திருந்தால், பெருமை காப்பவரின் பொறுமைக்கே. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருப்பவற்றைப் பாருங்கள். பளபளப்பாக்குவது எளிது, ஆனால் உப்புத்தாள் பட்டால் கொல்லன் வெட்டிய முத்திரை மழுங்கும். ஆகவே பருத்திக் கையுறை, மென்துணி, சன்னமாக ஒரு பூச்சு மெழுகு. பரவும் செந்துருவை நிறுத்தி, நிலைத்துவிட்ட பழுப்பைத் தொடாமல் விடுவதுதான் தேர்ச்சி. கொலைக்கருவிக்கு இத்தனை சீராட்டா? கேள்வி நியாயமே. ஆனால் இழைத்து வழவழத்த வால்நட் பிடியும், குதிரையை இழுத்தால் எழும் ‘டக்’கும் தச்சனும் கொல்லனும் விட்டுச்சென்றவை, சுட்டவனுடையவை அல்ல. செப்பனிட்டாலும் சுட முடியாத தொன்மையான ஆயுதத்துக்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவே விலக்களிக்கிறது.