ஓலைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பேசும் பெட்டி

கன்னியாகுமரி மாவட்டத்து வடசேரி பேருந்து நிலையத்தை ஒட்டி என் பெரியம்மையின் பழக்கடை. மட்டி, ஏத்தன், செந்துளுவன், பாளையங்கோட்டான் என்று குலைகள் கயிற்றில் தொங்கும். கல்லா என்று தனியாக ஒன்றும் கிடையாது. மடிக்குப் பக்கத்தில் மூடி போட்ட பனையோலைப் பெட்டி, அவ்வளவுதான். 2025 பிப்ரவரி வரை அந்தக் கடையில் யுபிஐ நடந்த விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பழம் வாங்கியவர் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து அறுபது ரூபாய் அனுப்புவார். குறுஞ்செய்தி மஸ்கட்டுக்குப் போகும். வங்கிக் கணக்கு பெரியம்மையின் பெயரில். அதில் இணைத்த எண் அங்கே வேலை பார்க்கும் அண்ணனுடையது. அவன் பார்த்துவிட்டு, "வந்துட்டும்மா" என்று வாட்ஸப்பில் குரல் அனுப்புவான். வடசேரியில் காலை ஆறு மணி என்றால் மஸ்கட்டில் நாலரை. அவன் தூங்கும் நேரத்து வியாபாரம் எல்லாம் எதிரே நிற்பவரின் கைபேசியில் தெரியும் பச்சை டிக்கை நம்பித்தான்.

ஒரு நாள் சாயங்காலம் ஒருத்தன் முந்நூற்று நாற்பது ரூபாய்க்கு ஏத்தம்பழம் வாங்கி, டிக்கைக் காட்டிவிட்டுப் போனான். பைசா வரவில்லை. பணம் போனது போல் காட்டுவதற்கென்றே போலிச் செயலிகள் உண்டு என்பது அன்றைக்குத்தான் பெரியம்மைக்குத் தெரிந்தது. மறு வாரமே ஒலிப்பெட்டி வந்தது. அதன்பின் ஓணம் முடியும் வரை, வாய்த்தபோதெல்லாம் கடையில் உட்கார்ந்து அதைக் கவனித்திருக்கிறேன்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நாலைந்து பேர் இதை விற்கிறார்கள். உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. முகப்பில் கியூஆர் கட்டம், பக்கவாட்டில் சத்தம் கூட்டவும் குறைக்கவும் இரண்டு பொத்தான், ஒரு சின்ன விளக்கு, சார்ஜ் போட ஒரு துளை. உள்ளே ஒரு சிம், ஒரு பேட்டரி, ஒரு ஸ்பீக்கர். கடைக்காரரிடம் கைபேசியோ வைஃபையோ இருக்கவேண்டிய அவசியமில்லை. பணம் கணக்கில் ஏறியதும் நிறுவனத்தின் சர்வர் அந்தத் தொகையைப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதைக் குரலாக்கிச் சொல்லும். அனுப்பியவர் யார், எந்த வங்கி என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தொகை மட்டும்.

பெட்டி கொண்டுவந்த பையன் களியக்காவிளைப் பக்கம். அங்குள்ள வழக்கத்தில் மலையாளத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாள் "லபிச்சு, லபிச்சு" என்று ஓடியது, ஒருவருக்கும் குறையில்லை. நான் தமிழுக்கு மாற்றிக் கொடுத்த பிறகுதான் சிக்கல். "நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று அது நீதிமன்றத் தமிழில் சொன்னதும் பெரியம்மை கேட்டாள்: "யாரு மக்கா பெத்தா? பைசா கிட்டிச்சுன்னு சொன்னா போராதா?" எனக்கும் அதே கேள்விதான். தமிழில் பேசுவதற்கு ஒரு பெட்டி செய்கிறவர்கள், கடைத்தெருவில் பத்து நிமிஷம் நின்று கேட்டிருக்கலாம்.

வேகம் மோசமில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று நொடிக்குள் சொல்லிவிடுகிறது. இடவமழை கொட்டிய நாட்களில் மட்டும் திணறியது. ஒரு மாலையில் அரைமணி நேரம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, கடை அடைக்கும் நேரத்தில் ஏழு தொகைகளை ஒரே மூச்சில் ஒப்பித்தது. எது யாருடையது என்று பிரிக்க வழியில்லை. சத்தம் போதும், திருநெல்வேலி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பும்போதுகூடக் கேட்கிறது. பேட்டரி ஐந்து நாள் நிற்கும் என்றார்கள். மூன்றாம் நாள் மதியம் ஈனக்குரலில் "சார்ஜ் செய்யவும்" என்றது. மின்சாரம் பக்கத்துச் சாயாக்கடையிலிருந்து வருவதால், அந்த அண்ணாச்சிக்கு மட்டிப்பழம் கட்டணமாகப் போகிறது. கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆகவே மதிப்பான கட்டணம்தான்.

பயன் எங்கே என்று கேட்டால், அது வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில் என்பேன். பச்சை டிக்கைக் காட்டுகிறவரை இப்போது பெரியம்மை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "பெட்டி சொல்லல்லியே மக்கா, கொஞ்சம் நில்லு" என்கிறாள். முன்பு முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டியிருந்தது. இப்போது சந்தேகம் பெட்டியின் பொறுப்பு. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் ராத்திரியோடு ராத்திரியாகச் சில கடைகளின் கியூஆர் அட்டைகள்மேல் வேறு அட்டையை ஒட்டி, வருகிற பணத்தைத் தங்கள் கணக்குக்குத் திருப்பிக்கொண்டார்கள். அட்டையை மாற்றினாலும் பெட்டி மௌனமாகிவிடும். காலையில் முதல் வாடிக்கையாளரிடமே திருட்டு வெளிப்படும்.

ஆனால் பெட்டி சும்மா இருந்தால் எதிரே நிற்பவர் கள்ளன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுக்க யுபிஐ இடறியது. ஒரு ஆசிரியைக்குக் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, பெட்டி பேசவில்லை. இருவருக்கும் சங்கடம். இதற்கு விதி இருக்கிறது: கடைக்குச் செலுத்திய பணத்துக்கு உறுதி வராவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. பெரியம்மை ஒரு நோட்டில் தொகையையும் அந்த அம்மையாரின் எண்ணில் கடைசி நாலு இலக்கத்தையும் எழுதிக்கொண்டு பழத்தைக் கொடுத்து அனுப்பினாள். பணம் திரும்பியதும் ஆசிரியையே வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

வாங்குகிறவர் பழக்கமும் மாறியிருக்கிறது. முன்பு "அம்பது ரூபாய்க்குத் தாங்க" என்பார்கள். கையிலிருக்கும் நோட்டுதான் எடையைத் தீர்மானிக்கும். இப்போது நல்ல சீப்பாகப் பார்த்து எடுத்துத் தராசில் வைக்கிறார்கள். அறுபத்து மூன்றா, சரி. எழுபத்தொன்றா, அதுவும் சரி. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் வேலை அடியோடு ஒழிந்தது. கொடுப்பவர் பக்கம் யோசித்தால், நோட்டு என்ற வேலி இல்லாததால் ஒவ்வொரு கடையிலும் பத்துப் பதினைந்து கூடக் கசிகிறது. நானும் கசியவிடுகிறவன்தான். யுபிஐ லைட்டில் மாதச் சில்லறைச் செலவை மொத்தமாகப் போட்டு, தீர்ந்தால் நிறுத்திக்கொள்வது என்று இப்போது வைத்திருக்கிறேன். அதில் இருப்பு 5,000 ரூபாய்க்கு மேல் ஏறாது, ஒரு தடவைக்கு 1,000 வரைதான்.

பெட்டியால் வந்த எதிர்பாராத தொல்லை ஒன்று. ஓலைப்பெட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதுவோ பந்தலில் கட்டிய மைக் மாதிரி. எதிர் பெஞ்சில் சாயா குடிப்பவர் அன்றைய வியாபாரத்தை மனக்கணக்காகக் கூட்டிவிடலாம். சீட்டுக்காரர் ஒருவர் அப்படித்தான் கூட்டினார். "இந்த வாரம் முடை அண்ணாச்சி" என்று பெரியம்மை சொன்னபோது, "காலைலேருந்து ரெண்டாயிரத்துக்கு மேல சத்தம் கேட்டுதே" என்றார். அன்றிலிருந்து அவர் வரும் செவ்வாய்க்கிழமைகளில் சத்தம் பாதியாகக் குறைக்கப்படுகிறது.

சரி, விலை. யுபிஐயில் வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் கிடையாது. 2020 ஜனவரியிலிருந்து அப்படி. 2025 ஆகஸ்டில் மட்டும் நாட்டில் 2,000 கோடி யுபிஐ பரிவர்த்தனைகள் நடந்தன. இலவசமாக ஓடும் வண்டியில் நிறுவனம் எங்கே சம்பாதிக்கும்? பெட்டி வாடகையில். கொண்டுவந்த பையன் "இலவசம்" என்றுதான் சொன்னான். இரண்டாம் மாதம் முதல் 100 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 118, வருகிற பணத்திலிருந்து கழிந்தது. அந்தக் கழிவை மட்டும் பெட்டி வாய் திறந்து சொல்வதில்லை. கிலோவுக்குப் பத்து ரூபாய் நிற்கும் ஏத்தம்பழத்தில் 118 என்பது பன்னிரண்டு கிலோ. அதோடு, விடியற்காலை மொத்தச் சந்தையில் குலை இறக்குகிறவருக்கும் வண்டிக்காரருக்கும் நோட்டாகத்தான் கொடுக்க வேண்டும். அதற்காக ஏடிஎம்முக்கு நடை. மாதத்தில் இலவசத் தடவைகள் தீர்ந்தால் ஒவ்வொரு முறையும் 23 ரூபாய் வரை. இதையும் பெட்டியின் செலவில்தான் எழுத வேண்டும். இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். பெரியம்மை இப்போது அப்படித்தான் செய்கிறாள்.

முந்நூற்று நாற்பது ரூபாய் ஏமாந்த கதை வருஷத்துக்கு நாலைந்து தடவை நடக்கும் கடை என்றால் வாடகை கட்டுபடியாகும். அண்ணனின் தூக்கத்தையும் கணக்கில் சேர்த்தால் தாராளமாகவே. இத்தோடு விட்டிருந்தால் கொள்ளாம் என்று சொல்லி முடித்திருப்பேன்.

ஜூன் மாதம் பெட்டி நிறுவனத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. "அம்மா, உங்க கடைக்கு அம்பதாயிரம் ரூபாய் ரெடியா இருக்கு. ஜாமீன் வேண்டாம், பேப்பர் வேண்டாம். தினம் 310 ரூபாய், 180 நாள்." நாலு மாதமாகப் பெட்டி சொன்னதையெல்லாம் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், எந்த நாள் எவ்வளவு, மழைநாளில் எவ்வளவு, பண்டிகையில் எவ்வளவு. பெரியம்மை பயந்துவிட்டாள், பிறகு கொஞ்சம் ஆசையும் வந்தது. ஓணத்துக்கு ஏத்தங்குலை முன்கூட்டியே பிடித்துவைத்தால் நல்ல விலை கிடைக்கும்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 310-ஐ 180-ஆல் பெருக்கினால் 55,800. ஐம்பதாயிரத்துக்கு 5,800 வட்டி, பார்க்க 11.6 சதவீதம். ஆனால் முழு ஐம்பதாயிரம் உங்கள் கையில் இருப்பது முதல் நாள் மட்டும். தினமும் அசல் குறைந்துகொண்டே போகிறது; சராசரியாகப் பாதிதான் கையில், அதுவும் அரை வருஷத்துக்கு. ஆண்டு வட்டியாக மாற்றினால் ஏறக்குறைய 45 சதவீதம். நகைக்கடன் எவ்வளவு என்று வங்கியில் கேட்டுவிட்டு வந்து இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தண்டல்காரர் 8,500 கையில் தந்து நூறு நாளைக்கு நூறு நூறாக வாங்கும் கணக்கு ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தொடும். தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் சட்டமே வந்தது. தண்டலோடு ஒப்பிட்டால் இந்தக் கடன் பரவாயில்லை என்று நிறுவனத்துக்காரர் சொல்லலாம். ஆனால் தண்டல்காரர் சாயங்காலம் சைக்கிளில் வந்து நிற்பார், "இன்னைக்கு இல்ல, நாளைக்கு வாரும்" என்று சொல்லிவிடலாம். இங்கே 310 ரூபாய் கணக்குக்கு வரும் முன்பே கழிந்துவிடும். வியாபாரமே இல்லாத நாளில் நிலுவையாக நிற்கும்.

கடன் வாங்கியே ஆகவேண்டும் என்று இருப்பவர் கேட்க வேண்டியது ஒரே ஒரு தாள்: முக்கிய விவர அறிக்கை. 2024 அக்டோபர் முதல் சிறு தொழில் கடனுக்கும் இதைக் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி அதில் ஒற்றை எண்ணாக இருக்கும். நான் கேட்டேன். அனுப்புகிறோம் என்றார்கள். மறுபடி அழைக்கவில்லை.

வரி பயமும் ஒன்று ஓடியது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவை வைத்துச் சிறுகடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் கியூஆர் அட்டைகளைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள். நம் தெருவிலும் இரண்டு பேர் அட்டையைத் திருப்பி வைத்தார்கள். பச்சைப் பழத்துக்கு ஜிஎஸ்டியே கிடையாது. பழம் மட்டும் விற்கும் பெரியம்மைக்கு அந்தக் கவலை தேவையில்லை. ஏத்தங்காய்ச் சிப்ஸ் போடுகிறவர்கள், ஆண்டு விற்பனை 40 லட்சத்தை நெருங்கினால், ஒரு கணக்கரைப் பார்ப்பது நல்லது.

பணம் எண்ணும் கருவி நம்மூருக்குப் புதிதில்லை. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர் வழி வந்த மண். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய்; பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். வெள்ளிச் சக்கரம் விரல் நகத்தைவிடச் சிறியது. கையால் எண்ணினால் விடிந்துவிடும். அதற்கென்று சக்கரப் பலகை என்று ஒன்று செய்தார்கள்: மரப்பலகையில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள், ஒரு குழிக்கு ஒரு சக்கரம். ஒரு கை அள்ளிப் போட்டுக் குலுக்கி, மிஞ்சியதை வழித்துவிட்டால் நூறோ இருநூறோ, பலகையின் குழிகள் எத்தனையோ அத்தனை. வாடகை இல்லை, சார்ஜ் இல்லை. என்ன எண்ணினோம் என்பதை அது யாரிடமும் போய்ச் சொல்லவும் இல்லை. பெரியம்மை தலைமுறையில் இன்றும் கையில் பணமில்லை என்பதற்குச் "சக்கரம் இல்ல" என்பார்கள்.

ஆக, என் தீர்ப்பு: ஆள் ஒருவராகக் கடை நடத்துகிறவர், கைபேசியைப் படிக்கச் சிரமப்படுகிறவர், காலை இருட்டில் கடை திறக்கிறவர் வாங்கலாம். வாடகை எந்தத் தேதியில் கழியும் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். நாளைக்கு இருபது பேர்கூடக் கைபேசியில் செலுத்தாத கடைக்கு வேண்டாம், அட்டையும் குறுஞ்செய்தியும் போதும்.

ஓணத்துக்கு முந்தின நாள் பாறசாலையிலிருந்து வந்தவர் ஒரு முழு ஏத்தங்குலையை எடுத்தார். கடனில்லாமல், கைக்காசுக்குப் பிடித்த ஆறு குலைகளில் ஒன்று. "எண்ணூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது" என்றது பெட்டி. பெரியம்மை ஓலைப்பெட்டியைத் திறந்து, நோட்டை எடுத்து, 820 என்று எழுதி, பக்கத்தில் "கிட்டிச்சு" என்று போட்டாள்.