மீளுவது யாருடைய ஊர்?

போரில் அழிந்த நகரங்களைச் சுற்றுச்சூழல் கெடாமல் எப்படித் திரும்பக் கட்டுவது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். இடிந்த கல்லையே அரைத்துப் பயன்படுத்து, மழைநீரைச் சேமி, சூரிய மின்சாரம் போடு என்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் இடிவதற்கு முந்தின ஊரில் சேரி எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஓசூரில் இருப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பக்கத்திலேயே கெலவரப்பள்ளி அணை. பெங்களூர்க் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை அங்கே நுரையாகப் பொங்கும். அந்த அணைப் பக்கம்தான் இலங்கைத் தமிழர் முகாம். அங்கிருந்து பெயின்ட் அடிக்க வரும் நண்பர் ஒருவரிடம், 'சண்டைதான் 2009லயே முடிஞ்சிபோச்சே, ஊருக்குப் போகலையா'ன்னு ஒருநாள் கேட்டுட்டேன். 'காணி உள்ள ஆக்களுக்குத்தான் அண்ணை வீட்டுத்திட்டம். நாங்கள் போய் எங்க நிக்கிறது?' என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் சொன்னதை வைத்தே அங்கு நடந்த மீள்கட்டுமானத்தைப் பார்க்கலாம். இந்திய அரசு அறிவித்த 50,000 வீடுகளில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும். வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய். பயனாளியே நின்று கட்டிக்கொள்ளலாம். பிறகு இலங்கை அரசு 65,000 இரும்பு வீடுகள் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது, ஒன்று சுமார் 21 லட்சம் ரூபாய்க்கு. அந்த வெயிலுக்கு இரும்பு ஆகாது, உள்ளூர் மேசனுக்கு வேலையில்லை, பழுது பார்க்க முடியாது என்று பலர் எதிர்த்தார்கள். திட்டம் நிறைவேறவில்லை. நல்ல எதிர்ப்புதான். ஆனால் செங்கல்லா இரும்பா என்கிற சண்டையில், வீடு வைக்க ஒரு துண்டுக் காணியும் இல்லாதவர் பேச்சே அடிபட்டுப் போனது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு முகாம்களில் கிடந்தவர்களில், நிலமும் வசதியும் உள்ளவர்கள் மெல்ல வெளியேறினார்கள். கடைசிவரை மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் காணியற்ற ஒடுக்கப்பட்ட சாதியார். குண்டு எல்லார் வீட்டிலும் விழுந்தது. திரும்பிப் போகும்போதுதான் சாதி குறுக்கே வந்தது.

தண்ணீரையும் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர்தான் கிணற்றில் ஊறுகிறது. அதை அளவாக எடுக்க வேண்டும், குளங்களைத் தூர்வார வேண்டும் என்று சூழலியல் பேசுகிறவர்கள் சொல்வது நியாயம். ஆனால் கே. டானியல் 'தண்ணீர்' என்றே ஒரு நாவலுக்குப் பெயர் வைத்தாரே, ஏன்? வெள்ளாளர் கிணற்றடியில் யாராவது ஊற்றுவார்களா என்று குடத்தோடு காத்துக்கிடந்தவர்கள் இருந்ததால். யாருடைய கிணறு என்று கேட்காமல் நிலத்தடி நீரைக் காப்பாற்றினால், பழைய சொந்தக்காரனுக்குத்தான் காப்பாற்றிக் கொடுப்போம்.

நூலகக் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 1981இல் சுமார் 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. நாமும் அழுதோம். திரும்பக் கட்டி முடித்து 2003 பிப்ரவரியில் திறப்பு விழா வைத்தார்கள். அப்போது மேயர் செல்லன் கந்தையன், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். புலிகள் தரப்பு எதிர்த்தது, விழா நின்றது, மாநகர சபையினர் பதவி விலகினார்கள். வேலை முழுசா முடியவில்லை, எரித்த குற்றத்தை அரசு வெள்ளையடித்து மறைக்கப் பார்க்கிறது என்பது எதிர்த்தவர்கள் வாதம். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒரு தலித் கை திறக்கக்கூடாது என்பதே உள்காரணம் என்றார்கள் ஈழத்துத் தலித் எழுத்தாளர்கள். அந்தச் சந்தேகம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். நூலகத்துக்காக அழுத நாம் இந்த வாதத்தைக் காதில் வாங்கினோமா?

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு 317.40 கோடி ரூபாய் அறிவித்தது. பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதில் ஒரு பகுதி. முகாமின் பெயரும் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. வரவேற்போம். ஆனால் வீடு கொடுத்த பிறகும் அது முகாம்தான்.

போர் நடக்காத ஓசூரிலும் இதேதான். 1970களில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தார்கள். பட்டா வைத்திருந்தவருக்குப் பணம் வந்தது. அதே நிலத்தில் தலைமுறையாக் கூலிக்கு உழைத்த என் தாத்தாவுக்கு ஒரு நோட்டீஸ்கூட வரவில்லை. போரோ தொழிற்பேட்டையோ, கணக்கெடுக்க வருகிறவன் முதலில் கேட்பது பத்திரம்.

ஆகவே தோழர்களே, நீடித்து நிற்கும் நகரம் என்று யாராவது வரைபடத்தை விரித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். காணியில்லாதவருக்கு ஊருக்குள்ளேயே இடம் உண்டா? அந்தப் பத்திரத்தில் பெண்ணின் பெயர் இருக்கிறதா? கிணறு பொதுவா? இதற்குப் பதில் வந்த பிறகு சூரிய மின்சாரத்தைப் பற்றிப் பேசலாம்.